நாலால் வகுத்த மீன்

ஜனவரி 3

உரக்கடை முதலாளி இந்த டைரியைக் கொடுத்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் எனக்கு மட்டும்தான் இரண்டு கையாலும் கொடுத்தார். பெரிய மனிதர்கள் எல்லாரும் டைரி எழுதுகிறார்கள். நானும் எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன், கூட்டிப் பார்த்தால் பத்தாவது வந்துவிடும். ஆகவே எழுதலாம்.

என் பெயர் பூதத்தான். ஊர் மேலத்தாழை. மனைவி சண்முகவடிவு. மலையிலிருந்து இறங்கும் தாழையாறு எங்கள் காலைத் தொட்டுவிட்டுத்தான் மற்ற ஊர்களுக்குப் போகிறது. ஊருக்கு மேலே, பாறைகளுக்கு நடுவில், பெரிய கசம் இருக்கிறது. ஆற்றில் ஆழமான இடத்தைக் கசம் என்போம். சித்திரை வெயிலிலும் வற்றாது. அதன் அடியைக் கண்டவர் யாருமில்லை. நான் ஒருமுறை முங்கித் தொட்டேன். காலையில் முங்கியவன் மேலே வரும்போது மாடுகள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

ஜனவரி 4

நேற்று எழுதியதை வடிவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ மத்தியானச் சோறு யாரு தின்னா?" என்று கேட்டாள். படிப்பறிவு இல்லாதவர்களிடம் இலக்கியம் பேசக் கூடாது.

ஜனவரி 8

எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும். பின்னால் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா.

கசத்திலும் அதற்கு மேலேயும் மீன் பிடிக்கக் கூடாது. மணல் அள்ளக் கூடாது, சோப்புப் போடக் கூடாது, மோட்டார் வைக்கக் கூடாது. வனத்துறைக்காரர்கள் ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். பலகை காவல் காக்குமா? ஊர்தான் காக்கிறது. அதற்கு ஒரு மூங்கில் கம்பு. காலையில் கம்பு எந்த வாசலில் சாத்தியிருக்கிறதோ அந்த வீட்டு ஆள் அன்றைக்கு ஆற்றோரம் காவல். மறுநாள் விடிந்ததும் அடுத்த வாசலில் சாத்திவிட வேண்டியது. எப்போது வைத்தாய், யார் வைத்தது என்று ஊர் கேட்காது. கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். உன் வாசலில் கம்பு நிற்கும்போது ஆற்றில் எது நடந்தாலும் நீ பதில், அவ்வளவுதான். வெளியே போகிறவன் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் மட்டும் விலக்கு உண்டு.

இந்தச் சட்டம் முழுக்க என் மூளையில் உதித்தது. என் அக்கா மகள் முப்பிடாதிதான் ஆற்றுச் சங்கத் தலைவி. அவள் காலேஜில் படித்தவள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். பெயர் தன்னுடையது என்று போட்டுக்கொண்டாள். போகட்டும், தாய்மாமன் சொத்து அவளுக்குத்தானே.

ஜனவரி 12

காலையில் வயலுக்குப் போய்விட்டு அப்படியே கசம் வரை நடந்தேன். பாறையில் உட்கார்ந்து பொரி போட்டேன். கெண்டைகள் மேலே வந்தன. தண்ணீர் அவ்வளவு தெளிவு, ஒவ்வொரு செதிலையும் எண்ணலாம். ஒன்று என் தொடை நீளம் இருக்கும். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து மூடியது. வணக்கம் சொல்லுகிறது என்று நினைக்கிறேன்.

சிவனணைந்தான் டீக்கடையில் இதைச் சொன்னேன். தளவாய் அங்கே உட்கார்ந்திருந்தார். தளவாய் எனக்குப் பக்கத்து வீடு, வயலும் எனக்கு அடுத்த கீழ் வயல். நான் வாயைத் திறந்தால் போதும், அவர் காதைத் தீட்டிக்கொள்வார்.

"தொடை நீளமா? யாரு தொடை?"

"என் தொடைதான்வே."

"அப்போ நாலால வகுக்கணும். எல்லாரும் கேட்டுக்கிடுங்க, பூதத்தான் கணக்கு எதுவானாலும் நாலால வகுத்தாத்தான் விடை வரும்."

கடையில் சிரிப்பு. நான் அவருக்கு ஒரு டீ சொன்னேன். "இது எத்தனை டீ?" என்றேன். "கால் டீ" என்று சொல்லிக் குடித்தார். சிறுவயதிலிருந்தே பொறாமை.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். மாட்டுக் கொம்புக்கு நீலச் சாயம் அடித்தேன். பாதி என் வேட்டியில். பிசானப் பருவத்து நெல் பொதி கட்டியிருக்கிறது, கதிர் உள்ளே உருண்டு நிற்கிறது. இனித்தான் தண்ணீர் முக்கியம்.

ஜனவரி 20

வடிவின் சித்தப்பா பேத்திக்கு டவுனில் கல்யாணம், வருகிற வியாழன். என்னை நேரில் வந்து அழைத்தார்கள். வடிவு, "ஊருக்கெல்லாம் பத்திரிகை வச்சாங்க, நமக்கும் வச்சாங்க" என்கிறாள். பட்டுக்கரை வேட்டியை எடுத்து வெயிலில் போட்டேன். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டேன்.

ஜனவரி 22

கல்யாணம் முடிந்து சாயங்காலம் வந்து சேர்ந்தோம். மறப்பதற்குள் எழுதுகிறேன், அவ்வளவு நல்ல நாள்.

காலையில் இருட்டுப் பிரியும்போதே ஜன்னலைத் தட்டிய சத்தம். தளவாய். "பூதத்தான், மகளுக்கு வலி கண்டுட்டு. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நாளைக்குக் கம்பு என் வாசலுக்கு வந்துரும், நீரே பாத்துக்கிடும்வே." நான் போர்வைக்குள்ளிருந்தே, "ஆகட்டும்வே, தைரியமாப் போயிட்டு வாரும்" என்றேன்.

எழுந்து பார்த்தால் கம்பு என் வாசலில் நிற்கிறது. கல்யாணத்தன்றா வர வேண்டும்? யோசித்தேன். நாளைக்கு எப்படியும் தளவாய் முறை. ஒருநாள் முன்னால் போனால் கம்புக்குக் கால் வலிக்காது. தூக்கி அவர் வாசலில் சாத்திவிட்டு பஸ் ஏறினோம். வடிவு மட்டும், "பூட்டுன வீட்டுல போய் சாத்துறீங்களே" என்றாள். பூட்டினாலும் வாசல் வாசல்தானே.

மண்டபத்தில் எனக்கு நல்ல மரியாதை. பந்தி முடிந்து வெற்றிலை போட உட்கார்ந்தேன், என்னைச் சுற்றி ஒரு ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். கசத்தைப் பற்றிச் சொன்னேன். கெண்டை ஒவ்வொன்றும் ஆள் நீளம், சிலதுக்கு என்னைவிடப் பெரிய மீசை என்றேன். மற்றவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள், இரண்டு பையன்கள் மட்டும் நகரவே இல்லை. நல்ல அடக்கமான பிள்ளைகள். ஒருவன் எனக்கு சோடா வாங்கி வந்தான்.

"காவல் கடுமையா இருக்குமே அண்ணாச்சி?"

"இன்னைக்குக் காவக்காரனே நாந்தான்டே. இங்கன உக்காந்து உன் சோடாவைக் குடிச்சிட்டு இருக்கேன்!"

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. இன்னொருவன் வழி கேட்டான். ஊருக்குள் வந்தால் சுற்று, ஒத்தைப்பனை வழியாக வந்தால் கசம் வரைக்கும் வண்டி வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். இந்தக் காலத்தில் இயற்கையின்மேல் இவ்வளவு ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பார்ப்பது அபூர்வம்.

தாம்பூலப் பையில் தேங்காய் நன்றாக இருந்தது.

ஜனவரி 23

மீன் செத்துப் போச்சு.

ஜனவரி 24

நேற்று எழுத ஓடவில்லை.

நேற்றுக் காலையில் மாடு பத்திப் போனவர்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். ஊரே போனது. கசத்தை நெருங்குவதற்கு முன்பே ஆசுபத்திரிக் கக்கூஸ் வாசம் மூக்கில் ஏறியது. பிளீச்சிங் பவுடர். மூட்டைகளைக் கிழித்துக் கொட்டியிருக்கிறார்கள். பெரிய மீன்களை அள்ளிக்கொண்டு போய்விட்டு மிச்சத்தை விட்டிருக்கிறார்கள். தண்ணீர்மேல் வெள்ளையாக வயிறு, எங்கே பார்த்தாலும் வயிறு. குஞ்சுகள் கரையோரம் குப்பை மாதிரி ஒதுங்கிக் கிடந்தன. நண்டுகள்கூட பாறைமேல் ஏறிச் செத்திருந்தன. ஓடித் தப்பிக்கப் பார்த்திருக்கும்.

முப்பிடாதி முட்டளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டாள். கண் எரிந்து நீர் வடிந்தது, துடைக்கவில்லை. நானும் இறங்கி எடுத்தேன். கிடைத்ததில் பெரியது என் முழங்கை நீளம் இருந்தது.

குடிதண்ணீர்த் தொட்டிக்கு இந்தத் தண்ணீர்தான். குழாயை அடைத்துவிட்டார்கள். வடிவு பள்ளிக்கூடத்துக் கைபம்பில் வரிசையில் நின்று இரண்டு குடம் கொண்டுவந்தாள்.

ஒத்தைப்பனைப் பாதையில் பைக் தடம் இருந்ததாம். பைக் எல்லாரிடமும்தான் இருக்கிறது.

மாட்டுக்குத் தவிடு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜனவரி 25

ஆற்றங்கரையில் கூட்டம். முப்பிடாதி நடுவில் உட்கார்ந்திருந்தாள். நேற்று முன்தினம்தான் தளவாய் ஆசுபத்திரியிலிருந்து வந்தார். மகளுக்குப் பெண் குழந்தை. வந்து இறங்கியதும் வாசலில் கம்பைப் பார்த்திருக்கிறார். அதே கம்பை வியாழக்கிழமை பகல் முழுக்க அவர் வாசலில் ஊரே பார்த்திருக்கிறது.

"வியாழக்கிழமை என் முறையே இல்ல," என்றார் தளவாய். "நான் போறப்போ வாசல்ல கம்பும் இல்ல. இருந்தாலும் பூதத்தான்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். கேளுங்க."

முப்பிடாதி என் பக்கம் திரும்பினாள். "சொன்னாங்களா மாமா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அத்தனை கண்கள் என்மேல் இருக்கும்போது எனக்கு வாய் தானாக ஓடும், அது என் சுபாவம்.

"என் தூக்கத்தைப் பத்தித் தெரியாதா? தலைமாட்டுல ஆனை வந்து பிளிறுனாலும் போர்வையை இழுத்து மூடிக்கிடுவேன்" என்றேன்.

சிரித்தார்கள். அந்த இடத்திலும் சிரித்தார்கள். தளவாய் சிரிக்கவில்லை. "வே, 'ஆகட்டும்வே'ன்னு சொன்னீரேவே" என்றார். அதற்குள் வேறு யாரோ பேசத் தொடங்கிவிட்டார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. என் தூக்கத்தைப் பற்றிப் பொதுவாகச் சொன்னேன். அதில் தவறு கிடையாது.

தீர்ப்பு: தளவாய் வயல் மடையை அறுவடை வரைக்கும் அடைப்பது.

ஜனவரி 26

மடை அடைக்கிற முறை எங்கள் ஊரில் தனி. மேல் வயல்காரன்தான் அடைக்க வேண்டும். ஆற்றுச் சேற்றைக் கொண்டுவந்து மடைவாயை அடைத்து, மேலே ஒரு தாழை மடலைச் செருகுவான். அடைத்த கைதான் திறக்க வேண்டும். தலைவியே ஆனாலும் வேறு கை தொடக் கூடாது.

தளவாய்க்கு மேல் வயல் என்னுடையது.

ஆகவே நான்தான் அடைத்தேன். ஊர் கரையில் நின்று பார்த்தது. வெகு நேர்த்தியாக அடைத்தேன், ஒரு சொட்டு கசியவில்லை. தளவாய் வரப்பில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்.

கையில் தாழை முள் கிழித்துவிட்டது. சுண்ணாம்பு வைத்தேன்.

ஜனவரி 29

வடிவு என்னிடம் பேசுவதில்லை. மாட்டிடம் பேசுகிறாள். "உனக்காவது காது கேக்குதா?" என்று அதன் கழுத்தைத் தடவிக் கேட்டாள். நான் கேட்காதது போல் இருந்தேன்.

ஜனவரி 31

டீக்கடையில் முதலையைப் பற்றி ஒரு நல்ல கதை சொன்னேன். எங்கள் ஆற்றில் முதலை கிடையாது. தளவாய் மூலையில் உட்கார்ந்திருந்தார். நாலால் வகுப்பார் என்று சற்று நிறுத்தினேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார்.

கதையை முடிக்கத் தோன்றவில்லை.

பிப்ரவரி 2

என் வயலில் கதிர் எட்டிப் பார்க்கிறது. பச்சை அப்படி ஒரு பச்சை. வரப்புக்குக் கீழே பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டேன். இன்று கால் வழுக்கியதால் பார்க்க நேர்ந்தது. தளவாய் வயல் வெடித்திருக்கிறது, விரலை விடலாம். இலைகள் பாய் சுருட்டின மாதிரி. அவரும் அவர் சம்சாரமும் கைபம்பிலிருந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். குடத்துத் தண்ணீர் போகிற இடம் தெரியவில்லை. மகள் வெயில்படாமல் படுத்திருக்க வேண்டியவள், பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுவேலை செய்கிறாள்.

பேத்தி பிறந்ததற்கு அந்த வீட்டிலிருந்து யாருக்கும் சர்க்கரை வரவில்லை. யாரும் பார்க்கவும் போகவில்லை.

பிப்ரவரி 4

இரண்டு பையன்கள். ஒருவன் சோடா வாங்கித் தந்தான். இன்னொருவன் வழி கேட்டான்.

இதற்கு மேல் எழுத வேண்டாம்.

பிப்ரவரி 5

சொல்லிவிட்டேன். டீக்கடையில், எல்லார் முன்னாலும்.

தொடங்கும்போது சரியாகத்தான் தொடங்கினேன். "கம்பை வச்சது நாந்தான்வே. வியாழக்கிழமை காவல் என்னுது" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். சிவனணைந்தான் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். அடுத்து, கல்யாணத்தில் இரண்டு பையன்கள் என்று சொல்ல வேண்டும். வாய் "பன்னிரண்டு தடியன்க" என்றது. சோடா பிரியாணி ஆனது. ஒருவன் இடுப்பில் கத்தி முளைத்தது. நான் அவர்களோடு மல்லுக்கட்டினேன். வாய் போகிற வேகத்தில் பின்னாலேயே நானும் ஓடினேன், பிடிக்க முடியவில்லை.

சிவனணைந்தான்தான் முதலில் சிரித்தான். "நாலால வகுங்கய்யா!"

"வகுத்தா என்ன வருது?"

"கல்யாணத்துக்குப் போனது வருது!"

ஒருவர் என் தோளைத் தட்டி, "தளவாய்க்காக இப்படிப் பழியைத் தலையில போட்டுக்கிடுதீரே, பெரிய மனசுவே" என்றார். நாலு பேர் ஆமாம் என்றார்கள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு அது இனிப்பாக இருந்தது.

தளவாய் கடைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வராமலே போய்விட்டார்.

பிப்ரவரி 6

முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். தண்ணீரை சீசாவில் பிடித்து வரிசையாக வைத்திருந்தாள். சோதனைக்கு அனுப்புவாளாம்.

"ஏட்டி, நான் சொல்றது நெசம்."

"டீக்கடையில சொன்னதைக் கேட்டேன் மாமா. பன்னிரண்டு பேராமே."

"ரெண்டு பேரு."

"நேத்து பன்னிரண்டு, இன்னைக்கு ரெண்டா?" சலித்துக்கொள்ளாமல்தான் பேசினாள், அதுதான் கஷ்டமாக இருந்தது. "மாமா, சின்னப் பிள்ளையில உங்க கதையைக் கேட்டுத்தான் நான் சோறு தின்னேன். உங்களுக்கு நல்ல மனசு. தளவாய் பெரியப்பாவைப் பாக்கப் பொறுக்கல உங்களுக்கு. எனக்கும்தான் பொறுக்கல. ஆனா ஒரு கதைக்காகக் கட்டுப்பாட்டை எடுத்தேன்னா நாளைக்கு ஆளுக்கொரு கதையோட வருவாங்க. பொறவு ஆறு யாரு கையில இருக்கும்?"

நான் உண்டாக்கிய சட்டம். அதை அவள் நன்றாகவே காப்பாற்றுகிறாள்.

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றேன். வடிவு பதினான்கு நாட்களுக்குப் பிறகு என்னோடு பேசினாள். சரியாக எத்தனை நாள் என்று தெரியாது, நிறைய நாள்.

"வாயால சொன்னா யாரு நம்புவா? உங்க வாய்க்குத்தான் இந்த ஊர்ல மதிப்புக் கெடையாது."

"அப்போ நான் என்னதான்ட்டி செய்ய?"

"கைக்கு இருக்குல்ல."

புரிய சற்று நேரம் ஆனது. புரிந்ததும், "நம்ம நெல்லு பால் பிடிக்கிற நேரம் வடிவு" என்றேன்.

"தெரியும். களை பறிச்சது நாந்தானே."

பிப்ரவரி 7

விடிந்ததும் போனேன். வடிவு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

முதலில் தளவாய் மடை. தாழை மடலைப் பிடுங்கி எறிந்தேன். சேற்றைத் தோண்டினேன். அன்றைக்கு நேர்த்தியாக அடைத்திருந்தேன், திறக்கச் சிரமமாக இருந்தது. தண்ணீர் உள்ளே போனது. வெடிப்புகள் சத்தம் போட்டுக் குடித்தன.

பிறகு ஆற்றுக்குப் போய்ச் சேறு கொண்டுவந்தேன். என் மடையை அடைத்தேன். மேலே மடலைச் செருகினேன். என் கை அடைத்தது, அறுவடை வரை என் கைதான் திறக்க வேண்டும். நான் திறக்க மாட்டேன்.

தளவாய் குடத்தோடு வந்தார். தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார். என் மடையைப் பார்த்தார். குடத்தைக் கீழே வைத்தார்.

"எத்தனை பேருவே?"

"ரெண்டு பேரு."

"பிரியாணி?"

"ஒரு சோடா."

"நான் ஜன்னலைத் தட்டுனது?"

"கேட்டுச்சு. ஆகட்டும்னு சொன்னேன்."

குனிந்து வயலிலிருந்து ஒரு கட்டியை எடுத்து என்மேல் எறிந்தார். மார்பில் பட்டது. இல்லை, தோளில். பெரிதாக வலிக்கவும் இல்லை. அப்புறம் அவர் வரப்பில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். எனக்கு அப்படி நின்று பழக்கமில்லை.

வடிவுதான் அவர் பக்கத்தில் போய், "பிள்ளைக்கு என்ன பேரு அண்ணே?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 8

ஊர் வந்து பார்த்தது. பேசியவர் குறைவு. முப்பிடாதி என் மடைமேல் இருந்த தாழை மடலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு அவள் கேட்டதற்கெல்லாம் கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொன்னேன். பையன்களின் முக அடையாளம், வண்டி நிறம் கேட்டாள். முகம் ஓரளவு சொன்னேன். வண்டியை நான் பார்க்கவில்லை என்றேன். போலீசில் எழுதிக் கொடுக்கிறாள்.

போகும்போது, "நம்பாம விட்டுட்டேனே மாமா" என்றாள்.

"நம்புற மாதிரி நான் சொல்லலியேட்டி."

பிப்ரவரி 17

மழை இல்லை. எங்கள் நெல் பதராகப் போகிறது. வடிவு தினமும் ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்க்கிறாள். பால் இல்லை.

பையன்கள் அகப்படவில்லை.

பிப்ரவரி 24

தளவாய் வயலில் பாதி பிழைத்துவிட்டது, மேல்பக்கம் மட்டும். கீழ்ப்பக்கம் போனது போனதுதான். என்னைக் கண்டால் பேச மாட்டார். இன்று கம்பை என் வாசலில் கொண்டுவந்து சாத்தினார்கள். நாள் முழுக்கக் கசத்துக்கரையில் இருந்தேன். பொரி போட்டுப் பார்த்தேன். பொரி மிதந்து போய்ப் பாறையில் ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் தளவாய் வாசலில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அவரே வெளியே வந்த பிறகு, கம்பை அவர் கையில் கொடுத்தேன். வழக்கம் அப்படி இல்லை, நேரம்கூட மறுநாள் விடியல்தான். இருந்தாலும் கையில் கொடுத்து, "நாளைக்கு உம்ம முறைவே" என்று சொன்னேன். வாங்கிக்கொண்டார்.

மார்ச் 3

அறுத்தோம். வைக்கோல் நிறைய. நெல்லைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 19

குழாயில் ஆற்றுத் தண்ணீர் விட்டார்கள். முப்பிடாதி முதல் டம்ளரைத் தான் குடித்து, சற்றுப் பொறுத்துத்தான் மற்றவர்களை விட்டாள்.

தளவாய் பேத்திக்குப் பேர் வைத்து, தொட்டில் கட்டிச் சர்க்கரை கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது. கொண்டுவந்தது அவர் சம்சாரம்.

ஏப்ரல் 6

கம்பு என் வாசலில். கசத்துக்குப் போனேன்.

பொரி போட்டேன். வழக்கம்போல் மிதந்து போனது. எழுந்து வேட்டியை உதறினேன். அப்போது பாறை இடுக்கில், நிழலில், என்னவோ அசைந்தது. சருகு என்று நினைத்தேன். படுத்துப் பார்த்தேன். மேலே மலைப்பக்கமிருந்து இறங்கி வந்திருக்கும். கெண்டைக் குஞ்சு. ஒன்று. பொரியை மோந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. திரும்ப வருமா என்று பொழுது சாயும்வரை படுத்திருந்தேன், வரவில்லை.

டீக்கடையில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டேதான் போனேன். ஐந்தாறு பேர் இருந்தார்கள். தளவாய் மூலையில்.

"கசத்துல மீனு பார்த்தேன்" என்றேன்.

சிவனணைந்தான் கண்ணைச் சிமிட்டினான். "எம்மாம் பெருசு அண்ணாச்சி? மீசை இருந்துச்சா?"

சுண்டுவிரலை நீட்டினேன்.

"இவ்வளவு. ஒண்ணுதான்."

யாரோ பின்னாலிருந்து சிரிக்கத் தொடங்கினார். "அப்போ வகுத்தா நகம்கூட..."

தளவாய் கிளாஸைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார்.

"அதை வகுக்காண்டாம்வே" என்றார்.